ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்

மீனாட்சிபுரத்தில் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற ரத்தினசாமியின் மகள் பவுடர் பாலில் காபி போட்டுக் குடிக்கிறாள் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். என்ன செய்வது? மாலத்தீவின் அந்தக் கடைக்கோடித் தீவில் மாடும் கிடையாது, மாடு மேயப் புல்லும் கிடையாது. போன பருவத்தில் பாடப்புத்தகத்தில் பசுவின் படம் வந்தபோது, இது மீன்பிடித் தோணியை விடப் பெரிதா என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். நர்மதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் சிந்துவின் நெற்றிச்சுழி அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

அவள் அங்கே இங்கிலீஷ் டீச்சர். அதற்கு முன்னால் ஊருக்குப் பக்கத்தில் சித்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள். டிசம்பர் விடுமுறை முடிந்து புதுப் பருவத்துக்குத் திரும்பி வந்தால் செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, உப்புக் காற்றில் பிசுபிசுத்துப்போன மெத்தையை வெயிலில் போட வேண்டும். அரிசி டின்னில் வண்டு பார்க்க வேண்டும். சாமான் படகு எந்தக் கிழமை வருகிறதென்று கடையில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் அந்த வாரம் முழுக்கச் சூரை மீனும் வெங்காயமும்தான். புது வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் வாய்க்குப் பழக வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதையெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்கிறவள், இந்தத் தடவை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செய்தாள்.

"என்னக்கா, அழுகையக் காணோம்? வந்த மொத நாளு தலகாணிய நனைக்காம இருக்க மாட்டீகளே," என்றாள் மாரீஸ்வரி. அவள் கணக்கு டீச்சர், ஒரே அறையில் கூடத் தங்கியிருப்பவள். மூணாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"கோகுலுக்குக் கல்யாணம் வெச்சாச்சு. தை மாசக் கடைசி ஞாயித்துக்கெழம."

"அப்பிடிச் சொல்லுங்க. அதான் மொகத்துல பல்பு எரியுது."

கோகுல்நாத் அவளுக்குத் தம்பி. அம்மா சுப்பாத்தாள் விடிந்ததும் தொழுவத்துக்குள் போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருவாள் என்பதால் அவனைக் குளிப்பாட்டியது, தலை சீவியது, கையெழுத்துக்கு அடித்தது எல்லாம் நர்மதாதான். டிகிரி முடித்துவிட்டு மாடுதான் வளர்ப்பேன் என்று நின்றான். நன்றாகத்தான் வளர்த்தான். ஆனால் பெண் கிடைக்கவில்லை. போன வீடுகளிலெல்லாம் காபி கொடுத்தார்கள், பையன் தங்கமான பையன் என்றார்கள், கம்பெனியில் வேலை பார்த்தால் யோசிக்கலாம் என்றார்கள். சாணி நாத்தத்தில் எங்கள் பெண் எப்படி இருப்பாள் என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். முப்பத்திரண்டு வயதில் அவன் பெண் பார்க்கப் போவதையே விட்டுவிட்டான். அந்தச் சமயத்தில்தான் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் பண்ணுகிற வீடு ஒன்று அமைந்தது. பெண்ணுக்கு மாடென்றால் பிடிக்குமாம். நர்மதா அதைக் கேட்டு அழுதேவிட்டாள்.

அவளுடைய சந்தோஷத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் அவன் பக்கத்தில் நிற்க, கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவனும் மறு தலைப்பை அவளும் பிடித்துக்கொள்வார்கள். அருமைக்காரர் என்கிற பெரியவர் முன்னால் நின்று நடத்தி வைப்பார். நாளைக்கு ஒருத்தி வந்துவிட்டாள் என்பதற்காக இவள் அன்னியமாகிவிட மாட்டாள், இந்த வீட்டில் இவளுக்கு எப்போதும் இடமுண்டு என்று ஊர் முன்னால் சொல்கிற சீர் அது. நர்மதாவுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அவளுக்கு வேறு இடமில்லை.

பொள்ளாச்சியில் அவளைக் கட்டிக்கொடுத்த இடம் சரியில்லாமல் போய், புருஷன் இன்னொருத்தியோடு குடித்தனம் பண்ண ஆரம்பித்து, கோர்ட்டு வரைக்கும் போய்ப் பிரிந்து வந்தவள் அவள். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கு வந்த பிறகு பஸ்ஸில் ஏறினால் ஒரு விசாரிப்பு, கோயிலுக்குப் போனால் ஒரு விசாரிப்பு. யாரும் கெட்டவர்கள் இல்லை, விசாரித்தார்கள், அவ்வளவுதான். அந்த விசாரிப்புக்குப் பயந்துதான் அவள் கடல் தாண்டிப் போனாள்.

போனவள் அங்கேயாவது நிம்மதியாக இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. புருஷன் ஊரில் தோப்பைப் பார்த்துக்கொள்கிறார் என்று முதல் நாளே பிரின்சிபல் ஷியாமாவிடம் பொய் சொல்லி வைத்தாள். ஷியாமாவுக்கு இது மூன்றாவது கல்யாணம். முதல் புருஷன்தான் தீவுக்கு வருகிற விரைவுப் படகை ஓட்டுகிறவர். படகிலிருந்து இறங்குகிறவர்கள் கையில் ஷியாமாவுக்கு மீன் கொடுத்து அனுப்புவார், அந்த அம்மாளும் வாங்கிச் சமைப்பாள். அப்பேர்ப்பட்ட இடத்தில் போய், யாருமே கண்டுகொள்ளாத விஷயத்தை மறைத்து வைத்துக்கொண்டு திரிந்தாள் நர்மதா. ஊர்ப் பழக்கம் அவள் பெட்டியோடேயே ஏறி வந்துவிட்டது.

கல்யாணத் தேதியில்தான் சிக்கல். அவளுக்கு விடுமுறை வருவது மார்கழியில். மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைகாசிக்குத் தள்ளி வைத்தால் பெரிய விடுமுறைக்கு வந்துவிடுவேன் என்று கேட்டுப் பார்த்தாள். பெண் வீட்டில் அவசரப்படுகிறார்கள் என்றார் அப்பா. சரி, தையிலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை முகூர்த்தம் பாருங்கள் என்றாள். தீவில் வெள்ளியும் சனியும்தான் லீவு, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. முதல் வருஷம் அவள் இதைச் சொன்னபோது ரத்தினசாமி, "ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடமா? இதென்ன கூத்து," என்று சொசைட்டியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். இப்போது அவரே, ஜோசியர் ஞாயிற்றுக்கிழமைதான் குறித்துக் கொடுத்தார், மாற்ற முடியாது என்றார். எல்லோருக்கும் சேலை எடுக்கப் பொள்ளாச்சி போன அன்றைக்கும் அம்மா, "உனக்கு அப்பறம் எடுத்துக்கலாங் கண்ணு, நேரமிருக்குது," என்றாள். நர்மதாவும் நேரமிருக்கிறது என்றுதான் நினைத்தாள். பிள்ளைகளுக்கு வரி வரியாகப் பாடம் சொல்கிறவளுக்கு இது புரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரமே அவள் ஷியாமாவின் அறை வாசலில் போய் நின்றாள். முடியாது என்று பதில் வந்தது. பருவம் தொடங்கிய முதல் மாதம் வெளிநாட்டு டீச்சர்களுக்கு லீவு கிடையாது, அது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மறுநாளும் போனாள். விளையாட்டு விழா வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டாள். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமையிலும் வகுப்பு எடுத்தாள். மாரீஸ்வரி தன் பங்குக்கு, "அவுக க்ளாஸையும் நான் பாத்துக்கிடுதேன் மேடம்னு எழுதியே குடுத்திருக்கேன்க்கா," என்று வந்து சொன்னாள்.

கடைசியில் ஒருநாள் ஷியாமா கேட்டாள், தம்பி கல்யாணத்தில் உனக்கு அப்படி என்ன வேலை, போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவதுதானே என்று. நர்மதாவுக்கு இங்கிலீஷில் இணைச்சீரை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்து ஒரு முனையை ஷியாமாவின் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்படித்தான், இது என் இடம், நான் இல்லாவிட்டால் வேறு யாராவது பிடிப்பார்கள் என்றாள். ஷியாமா கொஞ்ச நேரம் அந்தத் துணியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு ஐந்து நாள் என்றாள். உன் புருஷனும் கல்யாணத்துக்கு வருவார்தானே என்று கேட்டாள். வருவார் என்றாள் நர்மதா.

பள்ளிக்கூடம் விட்டதும் அறைக்குப் போகக்கூடப் பொறுமை இல்லை. படகுத்துறைத் திண்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, லீவு கெடச்சிருச்சுங்."

மறுமுனையில் பால் கேன் கழுவுகிற சத்தம் நின்றது.

"எத்தன நாளு?"

"அஞ்சு நாளுங். வியாழக்கெழம ராத்திரி கொச்சில எறங்கிருவேன்."

"செரி." கேனைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது. "சிந்து கன்னு போட்டிருக்கறா. காளக்கன்னு."

"அம்மா, லீவு கெடச்சிருக்குதுங்கறேன்."

"டிக்கெட் எடுத்துப்போட்டயா கண்ணு?"

"இன்னும் இல்லீங். நாளைக்கு எடுக்கோணும்."

"எடுக்காத."

நர்மதாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. செலவுக்கு யோசிக்கிறாளோ என்று நினைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுப்பாத்தாள் முந்திக்கொண்டாள்.

"பொண்ணூட்டுக்காரங்க மொத நாளே கேட்டுப்போட்டாங்க, இணைச்சீருக்கு ஆரு நிக்கறதுன்னு. அப்பா வாயே தொறக்கல. அருமைக்காரருதான் சொன்னாரு. கன்னிப் பொண்ணா இருக்கோணும், இல்லீனா புருசனோட வாழற கட்டுக்கழுத்தியா இருக்கோணும்னு."

"நான் ரெண்டுலயும் சேத்தி இல்லீங்களா."

அம்மா அழுதாள். அழுதுகொண்டே சொல்ல வேண்டியதையும் சொல்லி முடித்தாள். "நீ வந்தா நிக்கோணும். நின்னா அவங்க மொகஞ் சுளிப்பாங்க. வந்துபோட்டு ஒதுங்கி நின்னயின்னா, கூடப் பொறந்தவள எதுக்கு ஒதுக்கி வெச்சாங்கன்னு ஊரெல்லாம் பேச்சாயிரும். நீ வராட்டி ஒரு பேச்சுமில்ல. பள்ளிக்கூடத்துல லீவு தரலைன்னா ஆரு என்ன கேக்கப்போறாங்க?"

"அதுக்குத்தான் ஞாயித்துக்கெழம வெச்சீங்களா?"

"அன்னிக்கு அங்க பள்ளிக்கூடம் இருக்கும்னு அப்பாதாங் கண்ணு சொன்னாரு."

நாலு வருஷமாக அவள் அந்தத் தீவைப் பற்றி அப்பாவிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். குடிக்க மழைத் தண்ணீர்தான் என்று, கடல் ராத்திரியில் தூங்கவிடாது என்று, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று. அவர் ஞாபகம் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.

"கோகுலுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா, எங்கக்கா நிக்காத கல்யாணம் எனக்கு வேண்டாம்பான். நீதான அவன வளத்துன, உனக்குத் தெரியாதா? இத்தன வருசங் கழிச்சு ஒண்ணு கூடி வந்திருக்குது, அதுவும் போச்சுன்னா அவன் அப்படியே நின்னுருவான் கண்ணு. லீவு கெடைக்கலைன்னு நீயே ஒரு வார்த்த சொல்லிப்போடு. நாங்க சொன்னா நம்பமாட்டான்." பிறகு, "சித்தப்பா மக செல்வப்பிரியா நிக்கறேன்னா. சேலையுங்கூட எடுத்தாச்சு," என்றாள்.

அம்மா மேல் நர்மதாவுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் நிற்கவில்லை. அம்மா போட்ட கணக்கில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை. வந்து நின்றாலும் பேச்சு, ஒதுங்கினாலும் பேச்சு. அவள் இல்லாமல் இருந்தால் மட்டும்தான் எல்லோருக்கும் நல்லது. அப்படி இல்லாமல் இருப்பதற்கு வாகாக ஒரு தீவையும் அவளே தேடிப் பிடித்து வைத்திருக்கிறாள். "செரீங்மா," என்றாள்.

அன்றைக்கே கோகுலுக்கு மெசேஜ் அனுப்பினாள், லீவு கிடைக்கவில்லை என்று. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. மறுநாள் ஷியாமாவிடம் போய் லீவு வேண்டாம் என்றாள். ஷியாமா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது மாரீஸ்வரிதான்.

"கூத்தாவுல இருக்கு. நாயா அலைஞ்சு வாங்கின லீவ எதுக்குத் திருப்பிக் குடுத்தீக?"

"பருவம் இப்பத்தான் தொடங்கியிருக்குது. புள்ளைங்கள உட்டுப்போட்டுப் போக மனசில்ல."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாரீஸ்வரிக்குக் கோர்ட்டு விவகாரம் எல்லாம் தெரியும். ஆனால் பெற்றவர்களே வராதே என்று சொன்னதை இன்னொருத்தியிடம் சொல்ல நர்மதாவுக்கு வாய் வரவில்லை. அவமானமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே மணி ஏழு ஆகும்போது ஊரில் ஏழரை. பிள்ளைகள் பிரேயருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். போன் அதிர்ந்தது. வீடியோ காலில் கோகுல். இந்த நேரத்தில் கூப்பிடுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் விரல் பட்டுவிட்டது. வகுப்பறைப் பக்கம் ஒதுங்கிப் போனாள்.

பட்டு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக அவன் அழகாக இருந்தான். பின்னால் மேளச் சத்தம். மண்டபத்து அறை ஒன்றில் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் கல்யாணக் களை இல்லை.

"நேத்துத்தான் மாரீஸ்வரி டீச்சருக்குப் போன் பண்ணுனேனுங்க்கா. நீங்க எடுக்கவே இல்லையே, அதுக்கோசரம். லீவு கெடச்சுதுன்னு சொன்னாங்க. நீங்கதான் வேண்டாம்னு திருப்பிக் குடுத்தீங்களாமா."

நர்மதா வரிசையில் நிற்கும் பிள்ளைகள் பக்கம் பார்த்தாள்.

"ஏனுங்க்கா? என்ற கல்யாணத்தப் பாக்க உங்களுக்கு மனசு பொறுக்கலீங்களா? அப்படித்தான்னா சொல்லிப்போடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அப்போதுதான் அவன் தோளுக்குப் பின்னால் அம்மாவைப் பார்த்தாள். கதவருகில் புதுப் பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்து மகளைப் பார்த்துக் கும்பிட்டாள். வெளியிலிருந்து யாரோ, "மாப்பள, சீருக்கு நேரமாச்சுங்க," என்று கூப்பிட்டார்கள்.

ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவன் மாலையைக் கழற்றி வீசிவிட்டு வந்துவிடுவான், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். தனக்காக அப்படிச் செய்ய ஒருவன் இருக்கிறான் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பள்ளிக்கூடம் இப்பத்தான் தொறந்திருக்குது கோகுலு. புள்ளைங்கள உட்டுப்போட்டு வர மனசில்ல."

அவன் அவளையே பார்த்தான். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்ததுபோல இருந்தது.

"செரீங்க," என்றான். அக்கா என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான்.

பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் வந்தார்கள். நர்மதா வருகைப் பெயர் கூப்பிட்டாள். புதுப் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதற்குள் அவளுக்கு வாய்க்குப் பழகியிருந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை.

மத்தியானம் அம்மா போட்டோ அனுப்பியிருந்தாள். செல்வப்பிரியா தலைப்பைப் பிடித்துக்கொண்டு கோகுல் பக்கத்தில் நின்றாள். அடர்ந்த கத்தரிப்பூ நிறச் சேலை, நர்மதாவுக்குப் பிடித்த நிறம். அவன் தலை குனிந்திருந்தான். நன்றாக நடந்தது, ஒரு குறையுமில்லை என்று அம்மா அடியில் எழுதியிருந்தாள். மாரீஸ்வரி எட்டிப் பார்த்து, "மாப்ள ஏன்க்கா உம்முனு இருக்காரு?" என்றாள். வெயிலாக இருக்கும் என்றாள் நர்மதா.

அதற்குப் பிறகு கோகுல் கூப்பிடவில்லை. இவள் கூப்பிட்டால் எடுப்பான். நல்லாயிருக்கீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்பான், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று வைத்துவிடுவான். வீட்டுக்கு வந்த பெண் நல்ல பெண்ணாம், பால் கறக்கக் கற்றுக்கொண்டாளாம். அதை அம்மாதான் சொன்னாள். தம்பி கல்யாணத்துக்கே வராதவள் என்று ஊரில் இரண்டொருவர் பேசிக்கொண்டதாகவும் அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "அது சாரமில்ல, ரெண்டு நாள்ல மறந்துருவாங்க," என்றாள்.

வைகாசியில் பெரிய விடுமுறை வந்தது. வெளிநாட்டு டீச்சர்கள் எல்லோரும் பெட்டி கட்டினார்கள். மாரீஸ்வரி ஏலக்காய் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினாள். நர்மதா படகுத்துறை வரைக்கும் போய்க் கையசைத்துவிட்டு வந்து, பவுடர் பாலில் காபி கலந்துகொண்டு உட்கார்ந்தாள். பருவம் தொடங்கும்போது இந்தத் தடவை மெத்தையை வெயிலில் போடுகிற வேலையெல்லாம் இருக்காது.

அம்மா கூப்பிட்டாள். "எப்பக் கண்ணு வர்ற?"

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடம் தெரிந்தது. கேட்டில் பெரிய பூட்டுத் தொங்கியது. மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

"லீவு கெடைக்கலீங்மா," என்றாள் நர்மதா.

"செரி கண்ணு," என்றாள் சுப்பாத்தாள்.